மறுகா என்ற சொல்லும் நரசிம்மன் கட்டிய கணினியும்



போன கிழமை தரம் 10 பிள்ளைகளின் ஒப்படைகளைத் திருத்திக்கொண்டிருந்தோம். தலைப்பு 'எங்கள் வாவி'. நாலு பிள்ளைகளின் தாளில் ஒரு எழுத்துப்பிழையும் இல்லை. பழுகாமமும் இல்லை, தோணியும் இல்லை, வீச்சுவலையும் இல்லை. எந்த நாட்டு வாவிக்கும் பொருந்தும் எழுத்து. "போன்தான் எழுதினது சேர்" என்று ஒரு பிள்ளை ஒளிக்காமல் சொல்லிவிட்டது. பின்னேரம் பட்டிருப்புப் பாலத்தால் திரும்பும்போது எங்களுக்குள் ஒரே வாக்குவாதம். இயந்திரத்துக்கு மூளை வந்துவிட்டதா?

கேள்வி பழையது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி, கணக்கைப் படிப்படியாகச் செய்யும் முறைகளை எழுதினார். அவர் பெயர் திரிந்துதான் 'அல்கோரிதம்' ஆனது. சிந்திக்காமலே, படிகளைப் பின்பற்றினால் விடை வரும். கணினியின் உயிர் இதுதான். 1843இல் இங்கிலாந்தின் ஏடா லவ்லேஸ், இயந்திரம் நாம் சொல்லிக்கொடுத்ததைச் செய்யுமே தவிர, தானாக எதையும் தோற்றுவிக்காது என்றார். 1950இல் அலன் டூரிங் அதற்கு மறுப்பு எழுதினார். எழுத்தில் உரையாடும்போது மனிதனா இயந்திரமா என்று பிரித்தறிய முடியாவிட்டால், அது சிந்திக்கிறது என்று ஏன் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது அவர் கேள்வி.

இந்தக் கதையில் நம்மவர் ஒருவர் இருக்கிறார். பாடப்புத்தகங்களில் அவரைக் காண்பது அரிது. சென்னையில் 1926இல் பிறந்த ஆர். நரசிம்மன். கிண்டியில் பொறியியல் படித்து, அமெரிக்காவில் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1954இல் மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவகத்தில் சேர்ந்தார். முழுக் கணினி ஒன்றை அதற்கு முன் கட்டியிராத இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, 1956இல் ஒரு மாதிரி இயந்திரத்தையும் 1960இல் முழுக் கணினியையும் இயங்க வைத்தார். 1962இல் நேரு அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டினார். ஆயிரக்கணக்கான வெற்றிடக் குழாய்கள். நினைவகமோ 40 பிட் கொண்ட 2,048 சொற்கள், நம் கணக்கில் 10 கிலோபைட். ஒரு நிமிட வாட்ஸ்அப் குரல்பதிவுகூட அதில் அடங்காது!

இயந்திரம் கட்டியதோடு அவர் நிற்கவில்லை. அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில், அணுத்துகள்களின் தடங்கள் பதிந்த படங்களைக் கணினி எப்படி வாசிக்கலாம் என்று ஆராய்ந்தார். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல படத்துக்கும் உண்டு என்பது அவர் கருத்து. அதன்பிறகு அவர் திரும்பிய பக்கம்தான் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு முக்கியம். ஒரு குழந்தை எப்படிப் பேசப் பழகுகிறது? 1981இல் மொழி நடத்தை பற்றித் தனி நூலே வெளியிட்டார். மொழி வெறும் விதிக்கோவை அல்ல, மனிதரோடு புழங்கும் ஒரு செயல் என்ற பார்வை அவருடையது. 2007இல் காலமானார். 2022 இறுதியில் வந்த சட்ஜிபிடியை அவர் காணவில்லை.

இன்றைய இயந்திரங்கள் எழுத்துக் கடலைக் குடித்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துப் பழகியவை. டூரிங்கின் சோதனையில் பலரை ஏமாற்றிவிடும். கெட்டித்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் பக்கத்து இரண்டரை வயதுப் பிள்ளையைப் பாருங்கள். "மறுகா வாறன்" என்று சொல்லும். காத்தான்குடியிலும் அதே மறுகாதான், பழுகாமத்திலும் அதேதான். புத்தகம் படித்து அது பழகவில்லை. சோறு ஊட்டும்போது "மறுகா விளையாடலாம்" என்று உம்மா சொன்னதும், அழுததும், காத்திருந்ததும், கடைசியில் விளையாடக் கிடைத்ததும் சேர்ந்துதான் அந்தச் சொல். காத்திருந்தறியாத இயந்திரத்துக்கு 'மறுகா' இன்னொரு சொல், அவ்வளவுதான். எங்களில் ஒரு சேர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. கமெரா, கை, கால் எல்லாம் பூட்டிவிட்டால் அதுவும் பழகும் என்கிறார். இருக்கலாம். நரசிம்மன் இருந்திருந்தால் அவரோடு உட்கார்ந்து கதைத்திருப்பார்.

அந்த நாலு தாளுக்கும் இன்னும் புள்ளி போடவில்லை. அம்மம்மாவிடம், அப்பப்பாவிடம் கேட்டு, அவர்கள் சின்ன வயதில் வாவியைக் கடந்த கதையை அவர்கள் பேச்சிலேயே எழுதிவரச் சொல்லியிருக்கிறோம். திங்கட்கிழமை கொண்டுவருவார்கள்.