மூடப்படும் கதவு: ‘த சேர்ச்சர்ஸ்’ திரைப்பட முடிவும் அதன் வரலாற்றுப் பின்னணியும்

அமெரிக்க மேற்குப்புலத் திரைப்படங்கள் பல பழிவாங்கலையே கதைப்பொருளாகக் கொண்டவை. பழி தீர்ந்ததும் கதை நிறைவெய்தும். வீரன் குதிரையேறிச் செல்வான். ஜோன் போர்ட்டின் நெறியாள்கையில் 1956 ஆம் ஆண்டு வெளிவந்த ‘த சேர்ச்சர்ஸ்’ இவ்வாய்பாட்டைக் கையாண்டவாறே அதனைக் கேள்விக்குட்படுத்துகின்றது. இன்பமும் துன்பமும் கலந்த அதன் இறுதிக் காட்சியை முழுமையாக விளங்கிக்கொள்ள, அக்கதைக்குப் பின்னுள்ள வரலாற்றையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.

கதை 1868 ஆம் ஆண்டில் ரெக்சஸில் தொடங்குகின்றது. உள்நாட்டுப் போரில் தோல்வியுற்ற தென்தரப்பின் போர்வீரனான ஈதன் எட்வேட்ஸ் தன் சகோதரனின் இல்லத்துக்குத் திரும்புகின்றான். சின்னாட்களில் கொமாஞ்சியர் அக்குடும்பத்தை அழித்துச் சிறுமி டெபியைக் கவர்ந்து செல்கின்றனர். அவளைத் தேடி ஈதனும், அக்குடும்பத்தில் வளர்ந்தவனான மாட்டின் போலியும் ஆண்டுக்கணக்கில் அலைகின்றனர். மாட்டினின் உடலில் ஓடும் செரோக்கிக் குருதியை ஈதன் வெறுக்கின்றான். அவனை உறவினனாக ஏற்க மறுக்கின்றான். எனினும் பாதை இருவருக்கும் ஒன்றே, நோக்கமே வேறு. வளர்ந்து கொமாஞ்சித் தலைவன் ஸ்காரின் மனைவியாகிவிட்ட டெபியைக் கொல்லவும் ஈதன் துணிகின்றான். அதனைத் தடுப்பதற்காகவே மாட்டின் அவனை விட்டகலாதிருக்கின்றான். இத்தோழமை அன்பினால் மட்டும் அமைந்ததன்று. ஒருவனின் வெறுப்புக்கு மற்றவன் காவலாய் நிற்பதும் அதன் பண்பாகும். ஸ்காரும் வெள்ளையரால் தன் புதல்வர் இருவரை இழந்தவனே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பழி இரு தரப்பினரையும் ஒரே அச்சில் வார்க்கின்றது.

இறுதியில் ஸ்காரைக் கொல்பவன் மாட்டினே. ஈதனுக்கு எஞ்சுவது பிணத்தின் தலைத்தோலை அரியும் இழிசெயல் மட்டுமே. பின்னர் டெபியைத் துரத்திப் பிடிக்கும் அவன், அவளைக் கொல்லாது கைகளில் ஏந்தி வீடு நோக்கி அழைத்துச் செல்கின்றான். ஜோர்கென்சன் இல்லத்தினுள் அனைவரும் நுழைகின்றனர். ஈதன் மட்டும் வாயிலுக்கு வெளியே நின்று, இடக்கையால் வலது முழங்கையைப் பற்றியவாறு சற்றுத் தாமதித்துத் திரும்பி நடக்கின்றான். கதவு மூடப்படுகின்றது. அச்சைகை 1947 இல் மறைந்த நடிகர் ஹரி கேரிக்கு ஜோன் வெய்ன் செலுத்திய அஞ்சலியாகும். கேரியின் துணைவியார் ஒலிவ் கேரியே ஜோர்கென்சன் இல்லத்தலைவியாக நடித்தவர். அலன் லெ மே 1954 இல் எழுதிய மூலநாவலில் ஈதனுக்கு நிகரான பாத்திரம் இறந்துவிடுகின்றது. திரைப்படமோ அவனை உயிருடன் விட்டு, அவன் மீட்டெடுத்த குடும்ப வாழ்விலிருந்து விலக்கிவைக்கின்றது. இத்தண்டனை மரணத்தினும் கடுமையானது எனலாம்.

ஆயின் வரலாறு காட்டும் துயரம் கதவின் மறுபுறத்தது. இக்கதையுடன் பெரிதும் ஒப்பிடப்படும் சிந்தியா ஆன் பார்க்கர், 1836 இல் பார்க்கர் கோட்டைத் தாக்குதலின்போது ஏறத்தாழ ஒன்பது வயதிற் கவர்ந்து செல்லப்பட்டவர். அவருடைய தந்தையின் சகோதரர்களில் ஒருவரான ஜேம்ஸ் பார்க்கர், கவரப்பட்ட உறவினரைத் தேடிப் பல ஆண்டுகள் அலைந்தார். சிந்தியா கொமாஞ்சியப் பெண்ணாகவே வளர்ந்து, பீற்றா நொக்கோனாவை மணந்து மூன்று பிள்ளைகளுக்குத் தாயானார். 1860 டிசம்பரில் பீஸ் ஆற்றங்கரைத் தாக்குதலில் ரெக்சஸ் படையினர் அவரையும் கைக்குழந்தையான மகளையும் பிடித்தனர். வெள்ளையர் இதனை ‘மீட்பு’ என்றனர். 1861 இல் ரெக்சஸ் சட்டமன்றம் அவருக்கு நிலமும் ஆண்டுக்கு 100 டொலர் உதவித்தொகையும் வழங்கியது. அவரோ தம் புதல்வரிடம் திரும்பவே விழைந்தார், அதற்கு இடமளிக்கப்படவில்லை. மகளும் நோயுற்றிறக்க, 1870 ஆம் ஆண்டையொட்டி அவரும் மறைந்தார். அவருடைய மகன் குவானா பார்க்கர் கொமாஞ்சியர் தலைவராகி 1875 இல் அமெரிக்கப் படையிடம் சரணடைந்தார். 1910 இல் தாயின் எச்சங்களை ஒக்லஹோமாவுக்குக் கொணர்ந்து அடக்கஞ் செய்வித்தார்.

திரைப்படத்தின் டெபி, முதலிற் கொமாஞ்சியரே தன் மக்கள் என்கின்றாள். பின்னர் எவ்வித விளக்கமுமின்றி மாட்டினுடன் செல்ல இசைகின்றாள். வீட்டினுட் சென்றபின் அவள் நிலை யாது என்பதைப் படம் கூறவில்லை. பழியுணர்வினால் வீடிழந்த ஆடவனுக்காகப் பார்வையாளர் இரங்கி நிற்க, வீடு ‘கிடைத்த’ பெண்ணின் இழப்பைக் கதவு மறைத்துவிடுகின்றது. சிந்தியாவின் வாழ்வு எழுப்பும் வினாவும் அதுவே: மீட்கப்படுபவரின் விருப்பத்தைக் கேளாத மீட்பு யாருக்குரியது?