டை நெய்த ஊர்

ஒரு டை நல்லதா என்று பார்க்க முதலில் அதைத் திருப்ப வேண்டும். பின்பக்கம் நடுவில் ஓடும் இணைப்பை விரலால் லேசாக விலக்கினால், ஒரே நூலில் தளர்வாகப் போட்ட நீளமான கைத்தையல் தெரியும். நுனியில் அந்த நூலை ஒட்ட நறுக்காமல் சின்ன வளையமாக விட்டிருப்பார்கள். முடிச்சுப் போட்டு இழுக்கும்போது பட்டு அந்த நூலின் மேல் வழுக்கி நகரும், அவிழ்த்ததும் பழைய இடத்துக்குத் திரும்பும். மெஷின் தையல் அந்த இடம் கொடுக்காது.

வெட்டும் முக்கியம். ரவிக்கை தைக்கும் நம் டெய்லர்கள் ‘கிராஸ்’ என்பார்களே, அதே வெட்டுதான்: பாவுக்கும் ஊடைக்கும் நடுவில், 45 டிகிரியில். நேராக வெட்டித் தைத்த பழைய டைகள் கசங்கின, முறுக்கின, சீக்கிரம் கிழிந்தன. நியூயார்க்கில் ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் என்ற டை தயாரிப்பாளர் 1920களின் தொடக்கத்தில் டையை மூன்று துண்டாகக் கிராஸில் வெட்டி இணைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று உலகம் முழுக்க அந்த முறைதான். உள்ளே வைக்கும் கம்பளித் துணியையும் அதே கோணத்தில் வெட்ட வேண்டும். கோணம் கொஞ்சம் பிசகினாலும் டை ஒரு பக்கமாகத் திரும்பித் தொங்கும். இப்படி வெட்டினால் மூலைகளில் பட்டு வீணாகும். விலை ஏறும் முதல் இடம் அது.

தைக்கும் கையைப் புகழ ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடும் வீட்டில் பிறந்தவள், இப்போது மான்செஸ்டரில் குடியிருக்கிறேன். எனக்கு நெய்தவர்களைப் பற்றித்தான் பேசத் தோன்றுகிறது.

மான்செஸ்டருக்குத் தெற்கே ரயிலில் அரை மணி நேரத்துக்குள் மாக்கிள்ஸ்ஃபீல்ட் வந்துவிடும். முதலில் பொத்தான்களுக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுத்த ஊர். 1743இல் சார்லஸ் ரோ என்பவர் ஆற்று நீரால் ஓடும் பட்டு முறுக்கு ஆலையை அங்கே கட்டினார். பிறகு நெசவு வந்தது. 1766 முதல் 1826 வரை பிரெஞ்சுப் பட்டுத் துணியை இங்கிலாந்துக்குள் விடாமல் தடுத்திருந்தார்கள். அந்தத் தடையின் நிழலில் ஊர் செழித்தது. நெசவாளர்களின் மூன்று மாடி வீடுகள் இன்றும் நிற்கின்றன. மேல் மாடியில் மட்டும் ஜன்னல் அகலமாக இருக்கும். தறி அங்கேதான், வெளிச்சம் அதற்குத்தான். கீழே குடும்பம், மேலே தறி. எங்கள் வீட்டில் குழித்தறி கூடத்திலேயே இருந்தது, நாங்கள் அதைச் சுற்றிப் படுத்தோம். தொழிலுக்கு வீட்டின் நல்ல இடத்தைக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் வாழ்வது இரண்டு ஊருக்கும் பொது.

1860இல் பிரிட்டனும் பிரான்ஸும் வணிக ஒப்பந்தம் போட்டு, பிரெஞ்சுப் பட்டின் மேலிருந்த சுங்கவரியை எடுத்தன. பிரான்ஸின் லியோன் நகரத் துணி தடையில்லாமல் வந்து குவிந்தது. மாக்கிள்ஸ்ஃபீல்டில் தறிகள் நின்றன. பல குடும்பங்கள் கப்பலேறி அமெரிக்காவின் நியூஜெர்சியில் பேட்டர்சன் என்ற ஊருக்குப் போய், அங்கே பட்டு நெய்தன. ஒரு கையெழுத்து எத்தனை அடுப்புகளை அணைக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அப்போதும் எல்லாத் தறியும் நிற்கவில்லை. விலை உயர்ந்த, சின்ன அளவு ஆர்டர்களுக்குக் கைத்தறி தேவைப்பட்டது. அந்தத் தேவையில் பெரும்பங்கு டையுடையது.

ஊர் நடுவில் பாரடைஸ் மில் இருக்கிறது. அதன் மேல் தளத்தில் 26 ஜக்கார்டு கைத்தறிகள், வேலை நடந்த இடத்திலேயே. 1981இல் மில் மூடியது, பிறகு அருங்காட்சியகம் ஆனது. படியேறி உள்ளே போனதும் எனக்கு மூச்சே ஒரு கணம் நின்றது. தறியின் தலைமேல் அதே பெட்டி! காஞ்சிபுரத்தில் ‘அடை’ முறையில் கையால் இழை தூக்கி நெய்த புட்டாக்களின் இடத்தைப் பிடித்த அதே ஜக்கார்டு பெட்டி. கோத்துத் தொங்கும் அதே அட்டைகள். ஒரு முறை நாடா ஓட ஓர் அட்டை. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் கொக்கி இழையைத் தூக்கும், துளை இல்லாத இடத்தில் இழை கீழேயே நிற்கும். முதலில் கட்டம் போட்ட தாளில் புட்டாவை வரைந்து, ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அட்டை குத்த வேண்டும். டைக்கு நெய்யும் சின்னக் கட்டமோ பூவோ கைவிரல் நகத்தளவுதான் இருக்கும். அதற்குள் இழை தவறினால், மார்பின் நடுவில் கட்டுகிற துணியாயிற்றே, எல்லார் கண்ணும் அங்கேதான் போகும். வெள்ளியும் கருப்புமாக, மணமகன்கள் கட்டும் ஒரு வகைச் சின்னப் புட்டா டைக்கு மாக்கிள்ஸ்ஃபீல்ட் என்றே பெயர்.

ஊரை ஒட்டிய லாங்லி கிராமத்தில் விஸ்டன் குடும்பத்தின் அச்சுப் பட்டறை இருந்தது. மரக்கட்டையில் புட்டா செதுக்கி, ஒரு நிறத்துக்கு ஒரு கட்டை என்று பட்டில் ஒற்றினார்கள். நம் மஞ்சிட்டிக்கு உறவான ஒரு கொடியின் வேர்தான் சிவப்புக்கு ஆதாரம். 1868இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் கிரேபேயும் லீபர்மனும் அந்தச் சாயத்தை ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டும்வரை வேரை நம்பித்தான் இருந்தார்கள். செங்கல் சிவப்பு, கடுகு மஞ்சள், கரும்பச்சை என்று அடங்கிய நிறங்கள். அந்தப் பட்டைத் தொட்டால் சுண்ணாம்புத் தூள் பூசியது போல லேசாகச் சொரசொரக்கும். மேலே ஓடும் மாங்காய்ப் புட்டா காஷ்மீர்ச் சால்வையிலிருந்து போனது.

இனி தைக்கும் பக்கத்துக்கு வருவோம். இத்தாலியில் நேபிள்ஸ் நகரக் கடற்கரைச் சாலையில் மாரினெல்லா என்ற டை கடை இருக்கிறது. 1914இல் யூஜெனியோ மாரினெல்லா தொடங்கியது, 20 சதுர மீட்டர்தான், காலை ஆறரைக்கே திறந்துவிடும். 1994இல் ஜி7 மாநாடு அங்கே நடந்தபோது தலைவர்களுக்கு இந்தக் கடையின் டைகள் பரிசாகப் போயின. அந்தப் புகழுக்கு அது முழுத் தகுதி உடையது. மேலே சொன்ன கைத்தையல் அத்தனையும் அங்கே உண்டு. ஆனால் அந்த டைகளின் பட்டு அச்சாகி வருவது இங்கிலாந்திலிருந்து, இந்த மாக்கிள்ஸ்ஃபீல்ட் பக்கத்திலிருந்து. டையின் பின்னால் தைத்த பட்டையில் கடையின் பெயர் இருக்கும், நகரின் பெயர் இருக்கும். துணி வந்த ஊரின் பெயர் இருக்காது.

எனக்கு இது புதிதல்ல. அப்பா நெய்த சேலைகள் எந்தக் கடைப் பெட்டியில் போயின என்று எங்களுக்குத் தெரியும். கட்டியவர்களுக்கு அப்பாவைத் தெரியாது. கைத்தையல் டைக்கு அதிக விலை கொடுப்பது நியாயம் என்றே நினைக்கிறேன். அந்த விலையில் அட்டை குத்தியவரும், கட்டை செதுக்கியவரும், நாடாவுக்குத் தார் சுற்றியவரும் இருக்கிறார்கள். தைத்த நகரின் பெயருக்குக் கீழே இன்னொரு வரிக்கு அந்தப் பட்டையில் இடம் இருக்கிறது. அங்கே நெய்த ஊரின் பெயரைப் போடச் சொல்லி, வாங்குகிறவர்கள் கடையில் கேட்க வேண்டும். சேலை வாங்கும்போதும்தான்.