முதுகுத் தசையைக் காட்டிய ஸ்கேன்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இடுப்பு வலிக்கு பிசியோதெரபி பார்ப்பவர் வீட்டுக்கு வந்து, "ஜெல் தடவி ஸ்கேன் பண்ணாங்க" என்று சொல்லக்கூடும். பெரும்பாலும் அது ஸ்கேனாக இருக்காது. ஒலியலையைச் செலுத்தித் தசைக்குச் சூடு தரும் சிகிச்சைக் கருவி அது. அதில் படம் வராது. படம் காட்டும் கருவி பிசியோதெரபிக்குள் நுழைந்தது தனிக் கதை.

அந்தக் கதை கடலில் தொடங்குகிறது. முதல் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க, பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்செவன் குவார்ட்ஸ் படிகத்தின் உதவியால் ஒலியலையை நீருக்குள் அனுப்பி எதிரொலியைப் பிடித்தார். இன்று விசைப்படகுகளில் மீன் கூட்டத்தைக் காட்டும் எக்கோ சவுண்டரும் அந்த வழி வந்ததுதான்.

1955-இல் கிளாஸ்கோ மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், அறுவை செய்து எடுத்த கட்டிகளைக் கார் டிக்கியில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். உலோகத்தில் விரிசல் தேடும் ஒலியலைக் கருவியை அவற்றின் மேல் வைத்துப் பார்த்தார். நீர்க்கட்டியின் எதிரொலி வேறு, சதைக்கட்டியின் எதிரொலி வேறு என்று தெரிந்தது. 1958-இல் அவர் குழுவின் கட்டுரை லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது; ஸ்கேன் மருத்துவமனைக்குள் வந்தது.

தசையின் முறை பிறகு வந்தது. முழங்கால் அடிபட்டவரின் தொடை எவ்வளவு மெலிந்தது என்று டேப் வைத்துத்தான் அளந்து வந்தார்கள். 1980-இல் பிரிட்டிஷ் மருத்துவர் ஆர்ச்சி யங்கின் குழு தொடையை ஸ்கேன் செய்து, டேப் காட்டுவதைவிடத் தசை அதிகமாக வாடியிருப்பதை நிறுவியது.

1994-இல் ஆஸ்திரேலியாவின் பிசியோதெரபிஸ்ட் ஜூலி ஹைட்ஸும் சக ஆய்வாளர்களும் இடுப்பு வலிக்காரர்களின் முதுகெலும்பை ஒட்டிய மல்டிஃபிடஸ் தசையை ஸ்கேனில் அளந்தார்கள். வலிக்கும் பக்கத்துத் தசை சிறுத்திருந்தது. 1996-இல் அடுத்த சேதி: வலி போனாலும் தசை தானாகத் தேறுவதில்லை. ஸ்கேன் திரையில் தன் தசை புடைப்பதைப் பார்த்துப் பார்த்துப் பயிற்சி செய்தவர்களுக்கோ அது தேறியது. பின்னர் வந்த தொடர் ஆய்வின்படி, ஓராண்டில் வலி திரும்பியவர்கள், பயிற்சி செய்தவர்களில் 30 சதவீதம். செய்யாதவர்களில் 84 சதவீதம்.

அதே 1994-இல்தான் இந்தியாவில் கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. ஸ்கேன் கருவியைப் பதிவு பெற்ற இடத்தில், தகுதியுள்ள மருத்துவர்தான் இயக்கலாம்; பிசியோதெரபிஸ்ட் தானே இயக்க முடியாது. பெண் குழந்தைகளைக் காக்கும் அந்தச் சட்டத்தைத் தளர்த்தக் கூடாது. ஆனால் ரேடியாலஜிஸ்டும் பிசியோதெரபிஸ்டும் ஒரே திரையை ஒன்றாக உட்கார்ந்து பார்க்க, கடலூர், சிதம்பரம் அரசு மருத்துவமனைகள் வழி செய்யலாம். அதற்குச் சட்டம் குறுக்கே நிற்காது.

அதுவரை நோயாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். வலி நின்றதும் பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள். எப்போது நிறுத்தலாம் என்பதை உங்கள் பிசியோதெரபிஸ்ட் சொல்லட்டும்.