சொட்டு நீர்ப்பாசனம்

சொட்டு நீர்ப்பாசனம் என்பது, குழாய்களின் வழியாகக் குறைந்த அழுத்தத்தில் நீரைக் கொண்டுசென்று, பயிரின் வேர்ப்பகுதியில் சொட்டுச் சொட்டாக இடும் பாசன முறை ஆகும். வாய்க்கால் பாசனத்தில் நிலம் முழுவதும் நனைகிறது. இம்முறையில் செடியைச் சுற்றியுள்ள மண் மட்டுமே நனைகிறது. தெளிப்பு நீர்ப்பாசனத்தையும் இதனையும் சேர்த்து நுண்ணீர்ப் பாசனம் என்பர். நீர்ச் சிக்கனம், களை குறைதல், நீருடன் உரமிடும் வசதி ஆகியன இதன் சிறப்புகளாகக் கூறப்படுகின்றன. எனினும் இவை குழாயைப் பதித்தவுடன் தாமே கிடைப்பவை அல்ல. வடிகட்டி, அழுத்தம், பாய்ச்சும் நேரம் ஆகிய மூன்றையும் பேணும் அளவுக்கே பயன் கிடைக்கும்.

வரலாறு

நுண்துளைகள் கொண்ட மண்பானையைச் செடியருகே புதைத்து நீர் நிரப்பும் பானைப் பாசனம் மிகப் பழமையானது. இன்றைய சொட்டு நீர்ப்பாசனமோ நெகிழிக் குழாய்களின் வரவுக்குப் பின்னரே தோன்றியது.

இதன் முன்னோடியாகக் கருதப்படுபவர் போலந்தில் பிறந்து பின்னர் இசுரேலில் வாழ்ந்த நீர்ப் பொறியியலாளர் சிம்கா பிளாசு. 1930களில் ஒரு மரம் மட்டும் அருகிலிருந்த மரங்களைவிடச் செழித்து வளர்ந்திருந்ததை அவர் கவனித்தார். அதனருகே குழாய் இணைப்பு ஒன்றிலிருந்து நீர் சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டிருந்தது. குழாயில் மிகச் சிறு துளையிட்டால் இதே விளைவைப் பெறலாம். ஆனால் அத்துளை விரைவில் அடைபடும். பிளாசு துளையைச் சிறிதாக்காமல், நீர் செல்லும் பாதையை நீளமாகவும் சுருளாகவும் அமைத்தார். நீண்ட பாதையில் ஏற்படும் உராய்வினால் நீரின் வேகம் குறைந்து, சற்றுப் பெரிய துளையிலிருந்தும் சொட்டாக வெளியேறியது. 1965ஆம் ஆண்டு நெகேவ் பாலைநிலத்திலுள்ள அட்செரிம் கூட்டுப்பண்ணையுடன் இணைந்து இதனை உற்பத்தி செய்ய நெட்டாபிம் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2012ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு, நுண்ணீர்ப் பாசனத்துக்கு அடிப்படையான மண்ணியல் ஆய்வுகளுக்காக தானியேல் இல்லெலுக்கு வழங்கப்பட்டது.

இந்தியாவில் இம்முறை பற்றிய தொடக்க ஆய்வுகளுள், 1970களில் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆர். கே. சிவனப்பன் மேற்கொண்டவை குறிப்பிடத்தக்கவை. நடுவண் அரசின் நுண்ணீர்ப் பாசனத் திட்டம் 2006இல் தொடங்கியது. 2015இல் அது பிரதம மந்திரி கிருசி சிஞ்சாயி யோசனா திட்டத்தின் பகுதியாயிற்று. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும், ஏனையோருக்கு 75 விழுக்காடும் மானியம் வழங்கப்படுகிறது.

மண்ணில் நீர் பரவும் விதம்

ஒரு புள்ளியில் விழும் நீர் எவ்வாறு பரவும் என்பது மண்ணைப் பொறுத்தது. மணற்பாங்கான மண்ணில் நீர் பக்கவாட்டில் அதிகம் பரவாமல் கீழிறங்கும்; நனைந்த பகுதி முள்ளங்கி வடிவில் இருக்கும். களிமண்ணில் அது அகன்று, வெங்காய வடிவில் அமையும். ஆகவே மணல் நிலத்தில் சொட்டுவான்களை நெருக்கமாக அமைத்து, குறைந்த நேரத்துக்குப் பலமுறை நீர் விடவேண்டும். அயலவர் தோட்டத்து இடைவெளியை அப்படியே பின்பற்றுதல் பொருந்தாது.

நீரிலுள்ள உப்புகள் நனைந்த பகுதியின் விளிம்பில் படியும். சிறு தூறல் பெய்தால் அவ்வுப்பு கரைந்து வேர்ப்பகுதிக்குள் வந்துவிடும். உவர் நீரைப் பயன்படுத்தும் தோட்டங்களில் தூறலின்போதும் சொட்டு நீரை நிறுத்தாமல் இருப்பது இதனாலேயே. பார்ப்பவர்களுக்கு இது வீண்செயலாகத் தோன்றலாம்.

அமைப்பு

கிணறு அல்லது தொட்டியிலிருந்து மின்விசைப் பம்பு நீரை வடிகட்டிகளுக்கு அனுப்புகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் மணல் வந்தால் சுழல் வடிகட்டியும், குளத்து நீரில் பாசி இருந்தால் மணல் வடிகட்டியும் தேவை; இவற்றைத் தொடர்ந்து சல்லடை அல்லது தட்டு வடிகட்டி அமையும். பின்னர் உரம் கலக்கும் வென்சுரி அல்லது உரத்தொட்டி. அங்கிருந்து மண்ணுக்கடியில் பதிக்கப்பட்ட பி.வி.சி. முதன்மைக் குழாய், துணைக் குழாய் வழியாக நீர் சென்று, 12 அல்லது 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள கறுப்புப் பக்கக் குழாய்களை அடைகிறது. விவசாயிகள் இவற்றை லேட்டரல் என்றே அழைக்கின்றனர். இவற்றின்மேல் குத்தப்பட்ட அல்லது உள்ளேயே பொருத்தப்பட்ட சொட்டுவான்கள் மணிக்கு 2, 4 அல்லது 8 லிட்டர் நீர் தரும்.

சாதாரண சொட்டுவான்கள் சுமார் 1 கிலோ/சதுர செ.மீ. அழுத்தத்துக்கென வடிவமைக்கப்படுகின்றன. இவற்றில் வெளியேறும் நீரின் அளவு ஏறத்தாழ அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கேற்ப மாறும். குழாயின் தொடக்கத்தில் 1 ஆக இருக்கும் அழுத்தம் கடைசியில் 0.8 ஆனால், கடைசிச் செடிக்கு 10 விழுக்காடு அளவே நீர் குறையும், அது பொறுத்துக்கொள்ளத்தக்கது. அழுத்தம் 0.5 ஆகக் குறைந்தால் இழப்பு சுமார் 30 விழுக்காடாகும். பக்கக் குழாயை விருப்பம்போல் நீட்டக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். மேடுபள்ளமான நிலங்களுக்கு அழுத்தத்தைச் சமன்செய்யும் சொட்டுவான்கள் உள்ளன. அவற்றின் விலை கூடுதல்.

நீர்த்தேவையைக் கணக்கிடல்

1.8 மீட்டர் இடைவெளியில் சதுரமாக நடப்பட்ட வாழையை எடுத்துக்கொள்வோம். ஒரு வாழைக்குரிய பரப்பு 3.24 சதுர மீட்டர். கோடையில் ஆவியாதல் அளவு நாளொன்றுக்கு 6 மி.மீ. எனவும், வளர்ந்த வாழைக்கான பயிர்க்கெழு 1.1 எனவும் கொண்டால், தேவை 6.6 மி.மீ. ஆகும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. நீர் என்பது 1 லிட்டர். எனவே ஒரு மரத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 21 லிட்டர் தேவை. பாசனத்திறன் 90 விழுக்காடு எனின் 24 லிட்டர் விடவேண்டும். மரத்துக்கு மணிக்கு 4 லிட்டர் தரும் சொட்டுவான்கள் இரண்டு இருந்தால் 3 மணி நேரம் போதும்.

ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 1,250 வாழைகள் நிற்கும். அனைத்துக்கும் ஒரே நேரத்தில் விட மணிக்கு 10,000 லிட்டர் வேண்டும். கிணறு மணிக்கு 5,000 லிட்டரே தருமாயின், தோட்டத்தை இரண்டாகப் பிரித்து வால்வு அமைத்து, 6 மணி நேரம் பாய்ச்சவேண்டும். அந்த 6 மணி நேர மும்முனை மின்சாரம் கிடைக்குமா என்பதையும் சேர்த்தே வடிவமைக்கவேண்டும்.

அடைப்பும் பராமரிப்பும்

சொட்டு நீர்ப்பாசனம் கைவிடப்படுவதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று அடைப்பு ஆகும். மணல், வண்டல் போன்றவற்றை வடிகட்டி தடுக்கும். வடிகட்டிக்கு முன்னும் பின்னுமுள்ள அழுத்தமானிகளின் வேறுபாடு 0.5 கிலோ/சதுர செ.மீ. அளவை எட்டினால் அதனைக் கழுவவேண்டும். பக்கக் குழாய்களின் கடைமூடியைத் திறந்து, தெளிந்த நீர் வரும்வரை விடுதலும் தேவை.

கரைந்துள்ள சுண்ணாம்பை வடிகட்டியால் தடுக்க இயலாது. கடின நீருள்ள இடங்களில் அது சொட்டுவானின் வாயில் வெள்ளையாகப் படியும். இதற்கு ஐதரோகுளோரிக் அமிலத்தை நீருடன் கலந்து, குழாயின் கடைசியில் கார அமில நிலை 4 அளவுக்கு வரும்வரை செலுத்தி, ஒருநாள் விட்டுக் கழுவுவர். பாசிக்கும் நுண்ணுயிர்ப் படலத்துக்கும் குளோரின் கலந்த நீர் செலுத்தப்படும். அமிலத்தினுள் நீரை ஊற்றக்கூடாது. நீரில்தான் அமிலத்தைச் சேர்க்கவேண்டும். வெளுப்புத்தூளும் அமிலமும் ஒன்றுசேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வளிமம் வெளிப்படும்; எனவே இரண்டையும் ஒரே நாளில் ஒரே தொட்டியில் கையாளுதல் ஆபத்தானது.

எலி, அணில் ஆகியன கோடையில் நீர் தேடிக் குழாயைக் கடிக்கும். தோட்டத்தின் ஓரத்தில் அவற்றுக்கென நீர்த்தொட்டி வைப்பது எளிய தீர்வாகும்.

நீர்வழி உரமிடல்

யூரியா முதலிய நீரில் முழுதும் கரையும் உரங்களை மட்டுமே இவ்வழியில் இடலாம். சாதாரண சூப்பர் பாசுபேட்டு ஏற்றதன்று. கால்சியம் நைட்ரேட்டை, பாசுபேட்டு அல்லது சல்பேட்டு உரங்களுடன் ஒரே தொட்டியில் கலந்தால் கரையாத வீழ்படிவு உண்டாகிக் குழாய் முழுவதையும் அடைக்கும். பாய்ச்சும் நேரத்தின் நடுப்பகுதியில் உரத்தைச் செலுத்தி, இறுதியில் வெறும் நீர் விடுவது வழக்கம்.

மண்ணின் ஈரத்தை அளக்கும் உணரிகளும், நேரங்காட்டியுடன் இயங்கும் மின்காந்த வால்வுகளும் பெரிய பண்ணைகளில் உள்ளன. சிறு தோட்டங்களில் பரவலானது கைப்பேசி வழியாகப் பம்பை இயக்கும் கருவியே. நள்ளிரவில் மின்சாரம் வரும் ஊர்களில் அதன் அருமை விளங்கும்.

நீர் உண்மையில் மிச்சமாகிறதா?

வயல் அளவில் இம்முறை நீரை மிச்சப்படுத்துகிறது என்பதில் ஐயமில்லை. நிலத்தடி நீர் மிச்சமாகிறதா என்பது வேறு கேள்வி. வாய்க்கால் பாசனத்தில் வீணாகும் நீரின் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி மீண்டும் கிணற்றை அடைகிறது. சொட்டு நீரில் அப்பகுதி குறைந்துவிடுகிறது. மேலும், மிச்சமான நீரைக் கொண்டு விவசாயி கூடுதல் நிலத்தில் பயிரிடுவதும், சோளத்தை விட்டு வாழைக்கோ கரும்புக்கோ மாறுவதும் இயல்பு. அவருக்கு வருமானம் உயர்கிறது. பயிர்கள் உறிஞ்சி வெளியிடும் மொத்த நீரோ கூடுகிறது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2017இல் வெளியிட்ட அறிக்கையும், 2018இல் சயன்சு இதழில் வெளிவந்த கட்டுரையும் பல நாடுகளின் சான்றுகளைக் கொண்டு இதனையே எடுத்துக்காட்டின. நீர் எடுக்கும் அளவுக்கு வரம்பு இல்லாதவிடத்துக் கருவி மட்டும் நிலத்தடி நீரைக் காக்காது என்பது அவற்றின் முடிவு.

இசுரேலில் 1959ஆம் ஆண்டின் நீர்ச் சட்டப்படி நீர் பொதுச்சொத்து. பண்ணைகளுக்கு நீர் அளந்தே வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். பெரும்பாலான பாசனக் கிணறுகளில் நீர் அளவி பொருத்தப்படவில்லை.