மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்: ஆடி நீங்கியபோது பழைய வில்லைகள்

மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்பது ஒலிம்பசும் பானசோனிக்கும் 2008 ஆகத்தில் அறிவித்த ஆடியற்ற கேமராத் தரமாகும். முந்தைய ஃபோர் தேர்ட்ஸ் கேமராவின் ஆடி நீக்கப்பட்டதால், வில்லைப் பொருத்திக்கும் உணரிக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழப் பாதியானது. முதல் கேமராவான பானசோனிக் ஜி1 அவ்வாண்டே வெளிவந்தது. எனினும் 2009இல் ஒலிம்பசு பென் இ-பி1, 17 மிமீ, 20 மிமீ தட்டை வில்லைகள் வந்த பின்னரே உருவச் சிறுமை முழுமை பெற்றது.

பழைய வில்லைகளைத் தகவி கொண்டு பொருத்தலாம். ஆனால் அவை பெரும்பாலும் ஆடிக் கேமராவின் கட்ட வேறுபாட்டுக் குவிய முறைக்காகச் செய்யப்பட்டவை. படத்தின் ஒளி மாறுபாட்டை அளந்து குவியம் தேடும் புதிய கேமராக்களில் அவை முன்னும் பின்னும் நகர்ந்து தடுமாறின. விலையுயர்ந்த வில்லைகளை வைத்திருந்தோர் கனமான கேமராவைக் கைவிட இயலவில்லை. 2010இல் வந்த இ-5 அவ்வரிசையின் கடைசிக் கேமராவாயிற்று. 2013இல் ஒலிம்பசு இ-எம்1 உணரியிலேயே கட்ட வேறுபாட்டுக் குவியத்தைச் சேர்த்த பிறகுதான் அவ்வில்லைகள் ஆடியற்ற கேமராவில் விரைவாக இயங்கின.