கூடிப் பாடக் கற்றுக்கொடுத்த எம்.பி.எஸ்.

எம்.பி. சீனிவாசன் என்று சொன்னால் நம் ஊரில் பலருக்குச் சட்டென்று நினைவு வராது. "தென்னங்கீற்று" பாட்டுக்கு இசையமைத்தவர் என்றால், நம் வயதுக்காரர்கள் "ஓ, அவரா!" என்பார்கள். கேரளத்தில் இந்த விளக்கமே தேவையில்லை. அங்கே எம்.பி.எஸ். என்ற மூன்றெழுத்து போதும்.

முழுப்பெயர் மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன். 1925-இல் சித்தூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போதே மாணவர் இயக்கத்தில் சேர்ந்து பொதுவுடைமைக் கட்சிக்காரர் ஆனார். பிறகு டில்லியில் ஏ.கே. கோபாலனிடம் செயலாளராக வேலை பார்த்தார். ஆசாரமான பிராமணக் குடும்பத்தில் வந்தவர், ஜாலியன்வாலா பாக் காலத்துத் தலைவரான சைபுதீன் கிச்லூவின் குடும்பத்துப் பெண்ணான ஜாஹிதாவை மணந்தார். அந்தக் காலத்தில் அது லேசான காரியமல்ல.

1960-இல் "பாதை தெரியுது பார்" வந்தது. இயக்கியவர் வங்காளத்திலிருந்து வந்த நிமாய் கோஷ். தொழிலாளர் வாழ்க்கையைச் சொன்ன படம். ஜெயகாந்தன், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கே.சி.எஸ். அருணாசலம் ஆகியோர் பாட்டு எழுதினார்கள். படம் ஓடவில்லை, பாட்டுகள் நின்றுவிட்டன. இவ்வளவு நல்ல பாட்டுகளைக் கொடுத்தவருக்குத் தமிழ்த் திரையுலகம் பிறகு சில வாய்ப்புகளே தந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மலையாளம் அவரை அழைத்துக்கொண்டது. கே.ஜே. யேசுதாஸ் முதன்முதலில் திரைக்குப் பாடியது இவர் இசையில்தான். 1961-இல் பதிவான அந்தப் பாட்டு "கால்பாடுகள்" படத்துக்கானது. அடூர் கோபாலகிருஷ்ணனின் "எலிப்பத்தாயம்", "முகாமுகம்" படங்களுக்கும் இவரே இசை. தமிழில் ஜான் ஆபிரகாம் எடுத்த "அக்ரகாரத்தில் கழுதை"யில் கழுதைக்குட்டியை வளர்க்கும் பேராசிரியராக நடித்தவரும் இவர்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்த நாளில் படக்கம்பெனி வாத்தியக்காரர்கள் தினக்கூலிக்காரர்கள். கூப்பிட்டால் வேலை, இல்லையென்றால் இல்லை. வாங்கவேண்டிய பணத்துக்கு அலையவேண்டும். அவர்களுக்குச் சங்கம் அமைப்பதில் முன்னின்றவர் எம்.பி.எஸ். இசையமைப்பாளர் என்ற முறையில் பார்த்தால் அவர் முதலாளி பக்கம் நின்றிருக்கலாம். கூலிக்காரர் பக்கம் போய் நின்றார். சங்கம் இல்லாத காலமும் இருந்த காலமும் பார்த்த நம் பனியன் ஊருக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அவருடைய பெரிய வேலை என்று நான் நினைப்பது சேர்ந்திசைதான். பம்பாயில் சலில் சௌத்ரி 1958-இல் இளைஞர் சேர்ந்திசைக் குழு ஒன்றைத் தொடங்கினார். அதே வழியில் 1970-களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை எம்.பி.எஸ். உருவாக்கினார்.

நம் பஜனையிலும் வள்ளிக்கும்மியிலும் நூறு பேர் பாடினாலும் மெட்டு ஒன்றே. சேர்ந்திசை அப்படியல்ல. உச்சக்குரல் பெண்கள் ஒரு மெட்டு, தாழ்குரல் பெண்கள் வேறொன்று, ஆண்களிலும் இரண்டு பிரிவு. நான்கும் ஒரே நேரத்தில் ஒலிக்கும், ஒன்றோடொன்று இழையும். நான் படித்த பிரெஞ்சு வழிப் பள்ளியில் இதைப் பாடமாகவே வைத்திருந்தார்கள். ஆனால் பாட்டு பிரெஞ்சுப் பாட்டு, அர்த்தம் நமக்கு எட்டாது. பனியன் கம்பெனியில் கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங் என்று ஆளுக்கொரு வேலை செய்தும் கடைசியில் ஒரே பனியன் வருகிறதே, ஏறக்குறைய அப்படித்தான்.

இந்த முறையை மாதா கோயிலிலிருந்து வெளியே கொண்டுவந்து, பாரதியார் பாட்டுக்குப் பொருத்தினார் எம்.பி.எஸ். ராகம் கெடாமல் பல குரல் சேர்ப்பது சிக்கலான வேலை. நம் இசை ஒற்றை மெட்டில் வளர்ந்தது, கமகம் நிறைந்தது. மேற்கத்திய முறைப்படி சுரங்களை அடுக்கினால் ராகம் காணாமல் போய்விடும். கர்நாடக இசை, இந்துஸ்தானி, மேற்கத்திய இசை மூன்றும் தெரிந்ததால்தான் அவரால் அதைச் செய்ய முடிந்தது.

அவர் தேடியது பாடகர்களை அல்ல. ஆபீஸ் வேலை முடித்து வருகிறவர்கள், மாணவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இவர்களைத்தான். ஆயிரக்கணக்கான பிள்ளைகளை ஒரே இடத்தில் நிறுத்தி, பல மொழிகளில் பாடவைத்தார். கூடிப் பாடப் பழகியவன் பக்கத்துக் குரலைக் கேட்டாக வேண்டும். தன் குரலை மட்டும் உயர்த்தினால் பாட்டே கெட்டுப்போகும். சாதி, மொழி என்று பிரிந்து கிடக்கும் நாட்டுக்கு இந்தப் பழக்கம் எவ்வளவு தேவை என்று யோசித்துப் பாருங்கள்.

1988 மார்ச் 9-ஆம் தேதி லட்சத்தீவில் காலமானார். அங்கே போனதும் சேர்ந்திசைக்காகத்தான். அவர் தொடங்கிய குழுவை அவருக்குப் பின் மாணவர்கள் தொடர்ந்து நடத்தினார்கள்.

நம் பள்ளி ஆண்டுவிழாக்களில் இப்போது பாட்டை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பிள்ளைகளை ஆடவிடுகிறார்கள். பேரன், பேத்தி படிக்கும் பள்ளியில் பாட்டு டீச்சர் இருந்தால், ஒரு பாரதி பாட்டை இரண்டு குரலிலாவது சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். செலவில்லாத காரியம்தானே.