பாலைவனச் சாலைகளில் பாம்புகள்: ஓர் ஆய்வுமுறையின் பயனும் எல்லையும்

வட அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனங்களில், கோடைகாலத்தில், கதிரவன் மறைந்து சில நாழிகை கழிந்தபின் ஆள் நடமாட்டமற்ற தார்ச்சாலையொன்றில் நிதானமாக மோட்டார் வண்டியைச் செலுத்துபவர், பகல் முழுதும் அதே நிலத்தில் நடந்து தேடியும் கண்ணிற் படாத பாம்புகளைத் தம் முன்விளக்கின் ஒளியில் காண்பார் என்பது ஊர்வனவற்றை ஆராய்வோர் யாவரும் அறிந்த செய்தி. அப்பாலைவனங்களின் பாம்புகள் எங்கெங்கே பரவியுள்ளன, எம்மாதத்தில் எந்நேரத்தில் நடமாடுகின்றன என்று இன்று நூல்களில் நாம் படிப்பவற்றுள் பெரும்பகுதி இவ்வாறு சாலையிற் கண்டவற்றைக் கொண்டே எழுதப்பட்டது. அந்த அறிவில் எவ்வளவு பாலைவனத்தைப் பற்றியது, எவ்வளவு சாலையைப் பற்றியது என்று பிரித்துணராமல் அதனைக் கையாளுதல் தகாது என்பதும், தான் காட்டும் பிராணிகளையே கொன்றுகொண்டிருக்கும் ஒரு கருவியை மாறாத அளவுகோலாக நம்புதல் ஆபத்து என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இம்முறைக்குச் சாஸ்திர மதிப்பைத் தேடித் தந்தவர் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரத்தவரான லாரன்ஸ் கிளாபர் (1883–1968). தொழிலால் மின்பொறியாளர், அந்நகரின் எரிவாயு, மின்சாரக் கம்பெனியில் பணியாற்றிப் பிற்காலத்தில் அதன் தலைமைப் பதவியையும் ஏற்றவர். ஓய்வு நேரத்தில் மலைகளைக் கடந்து பொரேகோ பள்ளத்தாக்கு முதலிய பாலைநிலங்களின் சாலைகளில் இரவு வேளைகளில் வண்டியோட்டிய அவர், கண்ட பாம்பை மட்டும் எழுதிவைத்து நிறைவடைந்தவர் அல்லர். கண்ட நேரம், உஷ்ணநிலை, கடந்த தொலைவு ஆகியவற்றையும் ஒரு பொறியாளருக்கே உரிய கட்டுப்பாட்டோடு குறித்துவைத்தார். 1939இல் அவர் வெளியிட்ட, வறண்ட தென்மேற்கின் ஊர்வன பற்றிய ஆய்வுகளில் இந்த இரவுப் பயணங்களின் கணக்கு இடம்பெற்றது. கிலுகிலுப்பைப் பாம்புகளைப் பற்றி 1956இல் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்த அவருடைய நூலையே உலகம் மிகுதியாகப் போற்றுகிறது. என் அபிப்பிராயத்தில், 1939ஆம் ஆண்டின் அந்தச் சிறு கணக்கு அதற்குச் சற்றும் குறைந்த சாதனை அன்று.

அதற்குச் சான்றாக ஓர் இனத்தைச் சற்று நெருங்கிக் காண்போம். இலைமூக்குப் பாம்பு என்பது முழங்கை நீளத்துக்குச் சற்று ஏறக்குறைய இருக்கும் ஒரு சிறு பாம்பு. வெளிர்மணல் நிறம், முதுகில் வரிசையாகப் பழுப்புத் திட்டுகள், முகத்தின் நுனியில், ஒட்டவைத்த இலை போல விளிம்பு தூக்கிய பெரிய செதிலொன்று. பல்லி முட்டைகள் இதற்கு விருப்பமான உணவு. மனிதருக்கு இதனால் தீங்கில்லை. எனினும் சீண்டப்பட்டால் உடலை வளைத்துச் சீறிப் பாய்ந்து, விஷமுள்ள பாம்பின் பாவனை காட்டும். முன்விளக்கின் ஒளியில் சாலையில் கிடக்கும் இதனைக் காற்று கொணர்ந்த சுள்ளியென்றே கண் முதலில் கொள்ளும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் பெயரிடப்பட்ட இவ்வினம், இரவில் வண்டியோட்டித் தேடும் வழக்கம் தோன்றும்வரை அந்நாட்டின் மிக அரிய பாம்புகளுள் ஒன்றாகவே எண்ணப்பட்டது. அவ்வழக்கம் தோன்றிய சில ஆண்டுகளில் அது சாதாரணமாகக் காணப்படும் இனம் என்பது தெளிவாயிற்று. அருமை என்று நாம் அதன்மேல் ஏற்றியிருந்த குணம் உண்மையில் நாம் உறங்கும் நேரத்தைப் பற்றிய செய்தியே.

இரவில் பாம்புகள் வெளிவருவதன் காரணமும் அதே காலத்தில்தான் விளங்கிற்று. பாலைவனத்துப் பாம்பாயிற்றே, வெயிலைத் தாங்கும் என்ற பொது எண்ணத்தை வால்ட்டர் மொசௌவர் 1930களில் சோதனையாற் பொய்ப்பித்தார்: கோடை நண்பகலில் வெறும் மணலில் விடப்பட்ட பாம்புகள் சிறிது நேரத்திலேயே மாண்டன. 1944இல் ரேமண்ட் கௌல்ஸ், சார்ல்ஸ் போகர்ட் இருவரும், ஊர்வன தம் இருப்பிடத்தையும் நேரத்தையும் மாற்றி மாற்றியே உடலின் உஷ்ணத்தை ஒரு குறுகிய எல்லைக்குள் காத்துக்கொள்கின்றன என்று நிறுவினர். கண்ணுக்கு மேல் கொம்பு போன்ற செதில்களுடையதும், மணலில் உடலைப் பக்கவாட்டில் எறிந்தெறிந்து செல்வதுமான ‘சைட்வைண்டர்’ என்னும் கிலுகிலுப்பைப் பாம்புகூடக் கோடைப் பகலை மணலில் பாதி புதைந்தோ எலி வளைக்குள்ளோ கழித்து இரவுக்குக் காத்திருக்கிறது.

இங்கே, பலராலும் சொல்லப்படும் ஒரு விளக்கத்தை மறுத்துரைக்க வேண்டியுள்ளது. பகல் வெயிலை வாங்கி வைத்திருக்கும் தார், மணல் குளிர்ந்தபின்னும் சூடாயிருப்பதால், அவ்வெதுவெதுப்பை நாடியே பாம்புகள் சாலைக்கு வருகின்றன என்பது அவ்விளக்கம். இளவேனிலின் குளிர்ந்த இரவுகளில் இது ஓரளவு பொருந்தலாம். ஆனால் நிலமே சூடு ஆறாதிருக்கும் கோடை இரவுகளிலும் பாம்புகள் சாலையில் மிகுதியாகக் காணப்படுகின்றன. அவற்றுட் பல சாலையிற் படுத்திராமல் நேர்குறுக்காகக் கடந்துகொண்டிருப்பவை. துணை தேடும் பருவத்தில் ஆண் பாம்புகள் நெடுந்தூரம் அலைவதை ரேடியோக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. அங்ஙனம் அலையும் ஒன்று புதருக்கடியில் இருக்கும்வரை நமக்குப் புலப்படுவதில்லை. மறைவேயில்லாத தார்ப்பரப்பில் ஏறிய அக்கணத்தில் புலப்படுகிறது. ஆகவே சாலை பாம்பை அழைப்பதைவிட, எப்படியும் அவ்வழியே செல்லவிருந்த பாம்பை நமக்குக் காட்டிக்கொடுக்கிறது என்று கொள்வதே பொருத்தம். இவ்வேறுபாடு சிறிதன்று: அலையும் ஆண், சாலையில் தன் இனத்துக்குரிய பங்கைவிட மிகுதியாகவும், வளையருகே தங்கும் பெண் குறைவாகவும் கணக்கில் வந்துவிடும்.

மேற்கு டெக்சாஸின் சாம்பற்பட்டை அரசப்பாம்பு வேறொரு சிக்கலைக் காட்டுகிறது. 1901இல் பெயரிடப்பட்ட இதுவும் நெடுங்காலம் கிடைத்தற்கரியதாகவே கருதப்பட்டது. பாறைப் பிளவுகளுக்குள் வாழ்வது. மலைகளைக் குடைந்து சாலை போட்டபோது இருபுறமும் வெட்டுண்டு நின்ற பாறைச் சுவர்கள் அப்பிளவுகளை வெளிக்காட்டின. தேடுவோர் விளக்கேந்தி இரவில் அச்சுவர்களைத் துழாவினர். இங்கே சாலை பார்வைக்கு வழியாக மட்டும் நிற்கவில்லை. பார்க்கப்படும் வாழிடத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

இனி, சாலையின் கொடுமைக்கு வருவோம். அரிசோனாவில் ஆர்கன் பைப் கள்ளித் தேசிய நினைவகத்தின் ஊடே மெக்சிகோ எல்லைவரை செல்லும் 85ஆம் எண் மாநில நெடுஞ்சாலையில் 1980களின் இறுதி முதல் சில ஆண்டுகள் தொடர்ந்து கணக்கெடுத்த ரோசன், லோ என்னும் இருவர், தம் முடிவுகளை 1994இல் வெளியிட்டனர். அவர்கள் கண்டவை 368 பாம்புகள். அவற்றுள் உயிரோடிருந்தவை 104, நசுங்கி மாண்டவை 264. சட்டத்தின் காவல் பெற்ற நிலத்தின் நடுவே நிகழ்ந்தது இது. அவ்வெண்ணும் குறைவானதே என்று கொள்ளக் காரணமுண்டு: மாண்ட பாம்பைக் கொயோட்டி என்னும் ஓநாயினமும் அண்டங்காக்கையும் விடியுமுன்னும் விடிந்தபின்னும் அகற்றிவிடுகின்றன. தப்பும் வாய்ப்பும் பாம்புக்குக் குறைவு. தென் கரோலினாவில் ஆண்ட்ரூஸ், கிப்பன்ஸ் இருவரும் 2005இல் வெளியிட்ட சோதனைகளில், கிலுகிலுப்பைப் பாம்பு சாலையை மிக மெதுவாகவே கடந்தது. வண்டி அருகில் வந்ததும் பல பாம்புகள் அசையாது உறைந்து நின்றன. பருந்தின் கண்ணுக்குத் தப்ப உதவிய அந்த அசைவின்மையே சக்கரத்தின் முன் மரணமாகிறது. மனிதரின் மனமும் சேர்ந்துகொள்கிறது: கனடாவின் ஒண்டாரியோவில் பொம்மை ஆமைகளையும் பாம்புகளையும் சாலையில் வைத்துப் பார்த்தபோது, ஓட்டுநருள் சுமார் 2.7 விழுக்காட்டினர் வேண்டுமென்றே அவற்றின்மேல் வண்டியை ஏற்றினர் என்று 2007இல் அறிவிக்கப்பட்டது. சிறு தொகை எனலாம். ஆயினும் நாளொன்றுக்குப் பல நூறு வண்டிகள் செல்லும் சாலையில், ஊர்ந்து கடக்கும் உயிருக்கு அது சிறு தொகை அன்று.

இதனால் ஆய்வுமுறைக்கு நேரும் கேடு வெளிப்படை. கிளாபர் காலத்துச் சாலையில் ஓர் இரவில் கண்ட எண்ணையும் இன்று அதே சாலையில் காணும் எண்ணையும் ஒப்பிட்டு, இனம் குறைந்துவிட்டது என்று முடிவுகட்டுவோர், சாலையோரத்துப் பாம்புகள் மட்டும் பல தலைமுறைகளாக அழிந்திருக்கக் கூடும் என்பதையும், அப்பால் தொலைவிலுள்ளவை நலமாகவே இருக்கக் கூடும் என்பதையும் கருதுவதில்லை. மறுதலையாக, சாலையில் இன்றும் சில காணப்படுவதால் எல்லாம் நலமே என்பதும் பிழை. அவை தொலைவிலிருந்து வந்து அந்த வெறுமையை நிரப்புபவையாக இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய, சாலையிலிருந்து பல்வேறு தூரங்களில் பொறிகள் வைத்து எடுத்த கணக்கு உடன் வேண்டும். செத்ததையும் உயிருள்ளதையும் தனித்தனியே குறிப்பதும், ஒன்றும் காணாது திரும்பிய இரவுகளின் தொலைவையும் நேரத்தையும் விடாது எழுதுவதும் இன்றியமையாதவை. கண்டதை மட்டும் பதியும் இக்காலத்து வழக்கத்தில் அந்த வெற்றிரவுகளே முதலில் தொலைகின்றன.

பரிகாரம் என்னவெனில், இல்லினாய் மாநிலத்தின் ஷானி தேசியக் காட்டில் பாறைக் குன்றுகளுக்கும் சதுப்புக்கும் இடையிலுள்ள சாலையை 1972 முதல் வசந்தத்திலும் இலையுதிர் பருவத்திலும் வண்டிகளுக்கு அடைத்துவிடுவதைப் பலர் எடுத்துக்காட்டுவர். அங்கே பாம்புகள் குறித்த பருவத்தில் குறித்த இடத்தில் கூட்டமாகக் கடக்கின்றன. பாலைவனத்திலோ அவை தனித்தனியே, கோடை முழுதும், பல மைல் நீளத்தில் எங்கெனும் கடக்கின்றன. ஆதலின் அங்குப் பருவத்தை அடைப்பதைவிட நேரத்தைக் கட்டுப்படுத்துவதே பொருந்தும்: காவல்நிலங்களுக்குள் செல்லும் சாலைகளில், வெப்பமான மாதங்களில், அந்தியிலிருந்து முதற்சாமம் முடியும்வரை வேகத்தைக் கண்டிப்பாகக் குறைத்தலும், மழைநீர் செல்லும் குழாய்ப் பாலங்களை நோக்கிப் பாம்புகளைத் திருப்பும் தாழ்ந்த தடுப்புகளை இருமருங்கும் அமைத்தலும் வேண்டும். அத்தடுப்புகள் எழுந்தபின் சாலையிற் காணும் எண்ணிக்கை குறையும். அக்குறைவை இனத்தின் அழிவென்று பின்னாளில் எவரும் மயங்காதபடி, தடுப்பு எழுந்த நாளையும் இடத்தையும் கணக்கேட்டிலேயே குறித்துவைக்க வேண்டும்.